ஆறுமுக நாவலரும் உரைநடைப் பாடமும்: பக்கத்தில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்காக எழுதியவர்

1849 ஆம் ஆண்டில் நல்லூரைச் சேர்ந்த இரண்டு பேர் அச்சியந்திரம் வாங்குவதற்காகக் கடல் கடந்து சென்னைக்குப் போனார்கள். ஒருவர் ஆறுமுகம். வயது 26. மற்றவர் அவருடைய மாணவர் சதாசிவப்பிள்ளை. ஆறுமுகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வண்ணார்பண்ணையில் ஒரு பாடசாலையைத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். படிப்பிப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்து வாசி என்று சொல்வதற்கு அவர் விரும்பிய விதத்தில் ஒரு புத்தகம் இருக்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது நாவலர் என்ற பட்டமும் கூட வந்தது. திருவாவடுதுறை ஆதீனம் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு வழங்கிய பட்டம் அது. இன்றைக்கு நாங்கள் நினைவில் வைத்திருப்பது அந்தப் பட்டத்தைத்தான். சைவம் காத்தவர், பிரசங்கம் செய்தவர், மிஷனரிமாரை எதிர்த்தவர் என்றுதான் பாடசாலை விழாக்களில் பேசுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது அவருடைய வேறொரு வேலையை. ஒரு வகுப்பறையில் உரைநடைப் பாடம் என்று ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, அதற்கான புத்தகத்தை எழுதி, அச்சடித்து, பிள்ளைகளுக்குப் படிப்பித்த வேலை அது.

போருக்குப் பிந்திய எங்கள் வகுப்பறைகளைப் பற்றி எழுதிவருகிற ஒருவர் என்ற வகையில் எனக்கு அந்த வேலை பழைய கதையாகத் தெரியவில்லை.

ஓலையில் படித்த காலம்

ஆறுமுகம் 1822 டிசம்பர் 18 ஆம் திகதி நல்லூரில் பிறந்தார். தகப்பன் கந்தப்பிள்ளை, தாய் சிவகாமி. கந்தப்பிள்ளை தமிழில் நாடகங்கள் எழுதியவர். அவர் இறந்தபோது ஆறுமுகத்துக்கு ஒன்பது வயது அளவில். தகப்பன் பாதியில் விட்டுச் சென்ற நாடகத்தை அந்த வயதிலேயே மகன் எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு.

அவர் முதலில் படித்தது அன்றைய வழக்கப்படி. சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் தொடக்கக் கல்வி. பிறகு இருபாலை சேனாதிராச முதலியாரிடமும் நல்லூர் சரவணமுத்துப் புலவரிடமும் இலக்கண இலக்கியம். அன்றைய தமிழ்க் கல்வி என்பது பெரும்பாலும் செய்யுளை மனனம் செய்வது. நீதி நூல்கள், நிகண்டு, பிறகு அந்தாதி, புராணம் என்று படிப்பு ஏறிக்கொண்டு போகும். பொருள் பிறகு வரும். சில பிள்ளைகளுக்கு வராமலே போகும்.

அதற்கு ஓலையும் ஒரு காரணம். ஏட்டுச் சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. வசனம் எங்கே முடிகிறது என்று காட்டும் குறியும் கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்கு மேலே புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. எகரமா ஏகாரமா என்பதை வாசிப்பவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ஏற்கனவே தெரிந்தவரால்தான் ஓலையை வாசிக்க முடியும். தெரியாதவருக்கு ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அவர் பிரித்துச் சொன்னால்தான் சொல் பிரியும். அவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் வசனம் முடியும்.

ஆசிரியர் கிடைத்த பிள்ளைக்கு அந்த முறை ஆழமான கல்வியைக் கொடுத்தது. ஆறுமுகமே அதற்குச் சாட்சி. கிடைக்காத பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

மிஷன் பாடசாலையில் கண்டது

அவர் ஆங்கிலம் படிப்பதற்காக யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்குப் போனார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சிதான். அங்கு அதிபராக இருந்தவர் பேர்சிவல் பாதிரியார். படித்த இடத்திலேயே ஆறுமுகம் ஆசிரியருமானார். மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் படிப்பித்தார்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1816 இலிருந்து இங்கே வேலை செய்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. மானிப்பாயில் அச்சகம் இருந்தது. 1841 இல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்தது. துண்டுப் பிரசுரங்கள், வாசிப்புப் புத்தகங்கள், கணிதம், புவியியல் என்று தமிழ் உரைநடை அச்சில் வரத் தொடங்கியிருந்தது. தமிழ் உரைநடையை நாவலர்தான் தொடக்கினார் என்று சிலர் எழுதுவது சரியில்லை. அவருக்கு முன்பே வீரமாமுனிவர் எழுதினார். பழைய உரையாசிரியர்கள் எழுதினார்கள். மிஷனரிமார் வகுப்பறைக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தார்கள்.

பேர்சிவல் அப்போது வேதாகமத்தைப் புதிதாகத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். அந்த வேலையில் ஆறுமுகம் அவருக்குத் துணையாக இருந்தார். அந்தப் பதிப்பு 1850 இல் வெளிவந்தது. ஒரு சைவ இளைஞன் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து, ஒவ்வொரு வசனமாக எடுத்து, இது சாதாரண ஆளுக்கு விளங்குமா, இலக்கணப் பிழை இல்லாமல் இருக்கிறதா, வாய்விட்டு வாசித்தால் ஓடுமா என்று பார்த்திருக்கிறார். உரைநடைக்கு அதைவிடப் பெரிய பயிற்சி அன்றைய யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

அங்கே அவர் இன்னொன்றையும் கண்டார். பிள்ளை முதலில் வாசிக்கும் உரைநடை எதுவோ அதன் உலகம்தான் பிள்ளையின் உலகமாகிறது. மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்கப் பழகியதே வேதக் கதைகளில். சைவ வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் நடப்பதை எடுத்துச் சொல்லும் ஓர் எளிய வசனம்கூட அச்சில் இல்லை. செய்யுளில் எல்லாம் இருந்தது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை புராணச் செய்யுளை வாசிக்க முடியாது.

1847 டிசம்பர் 31 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பிறகு வெள்ளிதோறும் தொடர்ந்தது. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. அதே ஆண்டில் மிஷன் வேலையை விட்டார். சம்பளம் போனது. திருமணம் செய்துகொள்ளவும் இல்லை.

மிஷனிடமிருந்து எடுத்த வகுப்பறை

வண்ணார்பண்ணைப் பாடசாலை சைவப் பாடசாலை. ஆனால் அதன் அமைப்பு திண்ணைப் பள்ளியின் அமைப்பு இல்லை. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பிரிப்பது, படிப்படியாக ஏறும் பாடப் புத்தகம் வைப்பது, ஒரே அச்சுப் புத்தகத்தை முழு வகுப்பும் வாசிப்பது ஆகிய மூன்றையும் அவர் மிஷன் பாடசாலையிலிருந்து எடுத்துக்கொண்டார். யாரை எதிர்க்கிறோமோ அவர்களிடமிருந்து படிப்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து கொண்டுவந்த அச்சியந்திரத்தை வண்ணார்பண்ணையில் நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர் வைத்தார். 1850 அளவிலிருந்து அங்கே பாலபாடங்கள் வெளிவரத் தொடங்கின.

இந்தக் கட்டுரைக்காக நான் பாலபாடங்களை மீண்டும் எடுத்து வாசித்தேன். வயதான ஒருவராக வாசிக்கும்போது முதலில் தெரிவது அறிவுரைகளின் கூட்டம். கடவுளை வணங்கு, பொய் சொல்லாதே, களவெடுக்காதே என்ற வகை. இது எனக்கு எரிச்சல் தந்தது. பிறகு அதே பக்கத்தை ஓர் ஆசிரியரின் கண்ணால் பார்க்க முயன்றேன். அப்போது வேறொன்று தெரிந்தது.

எழுத்து. பிறகு சின்னச் சொல். பிறகு கொஞ்சம் பெரிய சொல். பிறகு இரண்டு மூன்று சொல்லில் ஒரு வசனம். ஒரு வசனத்தில் ஒரே ஒரு கருத்து. அது முடிந்த பிறகுதான் அடுத்தது. சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வேறு இடங்களில் வருகிறது. பிள்ளை அதை மூன்றாம் முறை சந்திக்கும்போது எழுத்துக்கூட்டத் தேவையில்லை. மேலே போகப் போக வசனம் நீளுகிறது. நான்காம் பாலபாடத்தில் கல்வி, உயிர்க்கொலை, களவு, சூது, செய்ந்நன்றி போன்ற தலைப்புகளில் முழுக் கட்டுரைகளே வந்துவிடுகின்றன. முதற் புத்தகத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளை நான்காம் புத்தகம் முடிக்கும்போது, காரணம் காட்டி வாதிடும் ஒரு நீண்ட பத்தியை வாசித்துப் பொருள் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

எந்த மொழி வகுப்பறையிலும் உரைநடைப் பாடத்தின் வேலை இதுதான். ஆசிரியர் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கிறார். பிள்ளை வாசிக்கிறது. கடினமான சொல்லைப் பிரித்துப் பொருள் பார்க்கிறார்கள். வசனத்தில் யார், என்ன, ஏன் என்று கேட்கிறார்கள். பிறகு பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறது. செய்யுளில் ஓசை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும், பொருள் தெரியாமலும் ஒப்பித்துவிடலாம். உரைநடையில் அது நடக்காது. பொருள் விளங்காவிட்டால் வாசிப்பு உடனே தடுக்கி நின்றுவிடும். பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதை ஆசிரியருக்குக் காட்டிக் கொடுப்பது உரைநடைதான்.

நாவலர் கொண்டுவந்த அடுத்த மாற்றம் குறியீடுகள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி ஆகியவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. மிஷன் அச்சுகளில் ஏற்கனவே இருந்தன. தமிழ்ப் புலவர் உலகம் அவற்றைப் பிற தேசத்துப் பொருளாகப் பார்த்த காலத்தில், மரபான புலமை உள்ள ஒருவர் தன் பதிப்புகளில் ஒழுங்காகப் பயன்படுத்தியபோதுதான் அவை தமிழுக்குரியவையாகின. கடினமான சந்திகளை இயன்ற இடங்களில் பிரித்து அச்சிட்டார். ஓலையில் ஆசிரியரின் மூச்சில் இருந்த நிறுத்தம் இப்போது தாளில் வந்துவிட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று புத்தகமே சொல்கிறது. ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளை வாசிக்கலாம்.

செய்யுளிலிருந்து வசனத்துக்கு

1852 இல் அவர் பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட நூல் அது. கற்றவர்கள் மட்டும் வாசித்து மற்றவர்கள் கோவிலில் கேட்டுக்கொண்டிருந்த கதைகளை, எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் வீட்டில் இருந்து வாசிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு திருவிளையாடற் புராணமும் அப்படி வசனமானது.

இலக்கணத்தையும் விடவில்லை. நன்னூலுக்கு உரை, அதோடு பிள்ளைகளுக்கு இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை. சைவத்தையும் வினாவிடையாக எழுதினார். கேள்வியும் பதிலுமாகப் பாடம் நடத்துவது மிஷனரிமாரின் வழி. அதையும் எடுத்துக்கொண்டார். மறுபக்கம் திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை போன்ற பெரிய நூல்களைப் பிழை திருத்திப் பதிப்பித்தார். 1868 இல் சி.வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது அதைப் பரிசோதித்துக் கொடுத்தவரும் நாவலர்தான்.

ஒரே ஆள் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு சொல் வசனமும் எழுதுகிறார், புலவர்களுக்குச் சேனாவரையமும் பார்க்கிறார். பெரிய படிப்புப் படித்தவர்கள் சின்ன வகுப்புக்குப் புத்தகம் எழுதுவது இன்றைக்கும் அரிது. அது மதிப்புக் குறைந்த வேலையாகவே எங்களிடம் இருக்கிறது.

அவருடைய உரைநடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கண்டனப் பிரசுரங்களில் அவர் பேனா மிகக் கடுமையானது. 1860 களின் பிற்பகுதியில் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என்று தொடங்கிய சர்ச்சையில் இரு தரப்பும் பயன்படுத்திய மொழி இன்று வாசிக்கக் கூசுகிறது. அதே கைதான் பாலபாடத்தையும் எழுதியது என்பது நம்ப முடியாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு எழுதும்போது அவர் தன் கோபத்தை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

யாருக்குத் திறக்காத கதவு

நாவலரைப் பற்றி எழுதும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. தாண்ட முடியாது. சாதி ஒழுங்கை அவர் சைவ ஆசாரத்தின் பகுதியாக ஏற்றார், அதைக் காத்து எழுதினார். எழுத்துக்கூட்டத் தெரிந்த எவருக்கும் என்று நான் மேலே எழுதியதில் இருக்கும் எவரும் என்ற சொல்லுக்கு ஓர் எல்லை இருந்தது. எழுத்துக்கூட்டப் படிப்பிக்கும் இடத்துக்குள்ளேயே சில சமூகங்களின் பிள்ளைகள் வர முடியவில்லை.

அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது மாறவில்லை. 1930 அளவில் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னபோது யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள் இல்லை. எங்கள் பாடசாலைகளும் நூலகங்களும் எரிந்த கதையை நாங்கள் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உரைநடை ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் யார் கையில் போய்ச் சேரும் என்பதை எழுதியவர் தீர்மானிக்க முடியாது. டொமினிக் ஜீவா பாடசாலைப் படிப்பைத் தொடர முடியாமல் போனவர். அவர் 1966 இல் மல்லிகை இதழைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கே. டானியலின் பஞ்சமர் 1972 இல் வந்தது. எந்தச் சமூகங்களை நாவலரின் வழிவந்த கல்வி வாசலில் நிறுத்தியதோ, அந்தச் சமூகங்களிலிருந்து வந்தவர்கள் அதே யாழ்ப்பாணத்து உரைநடையை எடுத்து யாழ்ப்பாணத்தையே விசாரித்தார்கள். நாவலரின் வேலையினுடைய பயனை அளக்கும்போது அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் விரும்பியிருப்பாரா என்பது வேறு கேள்வி.

கஞ்சியும் கடைசி ஆண்டுகளும்

வண்ணார்பண்ணைப் பாடசாலை பணத்துக்கு எப்போதும் திண்டாடியது. மிஷன் பாடசாலைகளுக்கு அரச நன்கொடை கிடைத்தது. இவருடைய பாடசாலைக்கு அது நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஊரவர் கொடுத்ததிலும் நூல் விற்றதிலும்தான் ஓடியது. 1864 இல் சிதம்பரத்தில் இன்னொரு சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். 1872 இல் சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பாடசாலையும் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. அவர் இறந்த பிறகு அவரைப் பின்பற்றியவர்கள் சைவபரிபாலன சபையை அமைத்தார்கள். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவானது.

1876, 1877 ஆண்டுகளில் வறட்சியும் பஞ்சமும் யாழ்ப்பாணத்தைத் தாக்கின. வாந்திபேதியும் பரவியது. நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். மக்கள் பட்டினி கிடக்கும்போது அரச நிர்வாகம் செய்யாமல் விட்டதை எழுதினார். அப்போது யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தை நேரடியாகவே கண்டித்தார். 1879 இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் வர வேண்டும் என்று கூட்டம் கூட்டி ஆதரவு திரட்டினார். பிள்ளைகளுக்காகப் பழக்கிய அந்தத் தெளிந்த உரைநடை இங்கே மனுவாகவும் கண்டனமாகவும் வேலை செய்தது.

1879 டிசம்பர் 5 ஆம் திகதி அவர் காலமானார். 57 வயது நிறைவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அச்சகத்தையும் பாடசாலைகளையும் சதாசிவப்பிள்ளை தொடர்ந்து பார்த்தார். 1971 இல் இலங்கை அரசு அவருக்கு முத்திரை வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது.

மரத்தடி வகுப்புகளில் நடந்தது

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த வயது. அதன் பிறகு வன்னியில் மரத்தின் கீழும் கிடுகுக் கொட்டிலிலும் படித்தேன். நாலு பேருக்கு ஒரு தமிழ்ப் புத்தகம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எட்டிப் பார்ப்போம். ஆசிரியை ஒருவர் பாடத்தின் ஒவ்வொரு வசனத்தையும் மெதுவாகச் சொல்ல, நாங்கள் கொப்பியில் எழுதிக்கொள்வோம். காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று அவற்றையும் வாய்விட்டே சொல்வார். அப்படியே எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாடப் புத்தகம் கையெழுத்தில் உருவாகிவிடும். ஆசிரியை அடுத்த கிழமை வருவாரா என்று யாருக்கும் தெரியாது. சில கிழமைகள் வரவில்லை. கொப்பியில் இருந்ததை நாங்களே வாசித்தோம்.

யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான நாட்களும் அதே காலத்தைச் சேர்ந்தவைதான். மண்ணெண்ணெய் விளக்கில் அதை ஒருவர் வாசிக்க, வீட்டில் மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்டார்கள். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் வகுப்பு நடந்தபோதும் முதலில் தொடங்க முடிந்த பாடங்களில் ஒன்று வாசிப்பு. அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், கணினி வேண்டாம். ஒரு பத்தி இருந்தால் போதும்.

ஆசிரியர் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வி எங்களுக்கு வெறும் கல்வித் தத்துவக் கேள்வியாக இருந்ததில்லை. ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள், வெளிநாடு போனார்கள். பாடசாலைகள் முகாம்களாகின. தானே வாசித்துப் பொருள் எடுக்கத் தெரிந்த பிள்ளை அந்த இடைவெளிகளைத் தாண்டியது. ஒப்பிக்க மட்டும் தெரிந்த பிள்ளை அங்கேயே நின்றுவிட்டது. என் வகுப்பில் இரண்டு வகையினரும் இருந்தார்கள்.

இன்றைய வகுப்பறை

அண்மையில் வடக்கில் சில தமிழ் ஆசிரியர்களுடன் உரைநடைப் பாடம் பற்றிப் பேசினேன். அவர்கள் சொன்னது பெரும்பாலும் ஒரே கதை. தரம் 5 புலமைப்பரிசில் தொடங்கி க.பொ.த. சாதாரண தரம் வரை பரீட்சைதான் பாடத்தை நடத்துகிறது. பாடத்தைப் பிள்ளை வாசிப்பதற்கு முன்பே குறிப்பு வந்துவிடுகிறது. ஆசிரியர் குறிப்பைச் சொல்கிறார், அல்லது ரியூட்டரியில் அச்சடித்துத் தருகிறார்கள். கேள்வியும் பதிலும் அதில் இருக்கின்றன. பிள்ளை அதை மனனம் செய்கிறது. கட்டுரையை ஒருமுறைகூட முழுதாக வாசிக்காமலே அதைப் பற்றிய கேள்விக்கு நல்ல புள்ளி எடுக்கலாம். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்கவே பயப்படும் பிள்ளைகள் மேல் வகுப்பிலும் இருக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார்.

உரைநடையைச் செய்யுள் மாதிரி மனனம் செய்வது என்பது நாவலர் விட்டு வந்த இடத்துக்கே திரும்பிப் போவதுதான். தாளில் காற்புள்ளியும் இருக்கிறது, முற்றுப்புள்ளியும் இருக்கிறது. பிள்ளை அவற்றைப் பயன்படுத்துவதில்லை. மறுபடியும் ஒருவர் பக்கத்தில் இருந்து பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் விலை பரீட்சையோடு முடிவதில்லை. எங்கள் மக்கள் கையில் இன்று வரும் தாள்கள் எல்லாம் உரைநடை. காணி விடுவிப்புக் கடிதம், காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகப் படிவம், நுண்கடன் ஒப்பந்தம், வெளிநாட்டு முகவர் நீட்டும் பத்திரம். அவற்றில் எந்த வசனம் எங்கே முடிகிறது, எந்த நிபந்தனை யாருக்கு என்று தானே வாசித்து அறிய முடியாத ஒருவர் இன்னொருவர் சொல்வதை நம்பிக் கையெழுத்து வைக்கிறார். செய்தி சேகரிக்கப் போன இடங்களில் இப்படிக் கையெழுத்து வைத்துவிட்டு நிற்கும் தாய்மாரை நான் பல தடவை சந்தித்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியும். ஒரு பத்தியை முழுதாக வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம்தான் போர்க்காலத்தில் தடைப்பட்டுப் போயிருந்தது.

பாலபாடத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் சமய எல்லையும் சாதி எல்லையும் இன்றைய வகுப்பறைக்கு உதவாது. முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும் வகுப்பில் அவரவர் உலகமும் பாடத்தில் இருக்க வேண்டும். தன் வீட்டைப் புத்தகத்தில் காணாத பிள்ளையைப் பற்றித்தான் நாவலரும் கவலைப்பட்டார். அந்தக் கவலையை எல்லாப் பிள்ளைகளுக்குமாக விரித்தால் போதும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய வேலை முறை. ஒரு வசனத்தில் ஒரு கருத்து. தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்கு. முதலில் பிள்ளை வாசிக்கட்டும், பிறகு விளக்கம். குறிப்புக் கொடுப்பதற்கு முன் பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும். இதற்குப் புதிய சுற்றறிக்கை தேவையில்லை, திட்ட நிதி தேவையில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பத்து நிமிடத்தை வாய்விட்டு வாசிப்பதற்கு ஒதுக்கினால் தொடங்கலாம். தான் அப்படித்தான் செய்வதாக நான் பேசிய ஆசிரியர்களில் ஒருவர் சொன்னார். பாடத்திட்டம் முடிக்கவில்லை என்று மேற்பார்வைக்கு வருபவர்கள் குறை எழுதிவிட்டுப் போகிறார்களாம். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் இப்போது தங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாமாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.